ஜெர்ரி கோல்ட்ஸ்மித்: மின்னணு ஒலி இசைக்குழுவின் உறுப்பா, மேலே பூசிய பூச்சா?

செவிப்பறை எழுதியது:

இசைக்குழுவையும் மின்னணு ஒலியையும் பிரிக்க முடியாதபடி இணைத்த ஹாலிவுட் திரை இசையமைப்பாளர்களுள் ஜெர்ரி கோல்ட்ஸ்மித்தே தலையாயவர் என்று நண்பர் கம்பிச்சுருள் சென்ற வாரம் இங்கே எழுதியிருந்தார். அவர்மீது எனக்குள்ள மதிப்பு குறைவானதன்று. ஆயினும் இந்தக் கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. 1968-இல் வந்த ‘பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அந்நிய உலகை அவர் மின்னணு முறையில் ஒலி உண்டாக்கும் சிந்தசைசரைக் கொண்டு எழுப்பவில்லை. சமையலறையில் மாவு கலக்கும் எஃகுக் கிண்ணங்களைத் தட்டவைத்தார். ஆட்டுக்கடாக் கொம்பை ஊதவைத்தார். ஹார்ன் வாசிப்பவர்களை ஊதுவாயைத் திருப்பிப் பொருத்தி ஊதச் சொன்னார். ‘சைனாடவுன்’ படத்துக்குப் பத்தே நாட்களில் இசை எழுத நேர்ந்தபோது நான்கு பியானோ, நான்கு ஹார்ப், கம்பி வாத்தியங்கள், தாளவாத்தியம், ஒற்றை டிரம்பெட் ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டார். இவ்வளவு நுட்பமான காது படைத்த ஒருவர், 1980களில் அன்றைய சந்தை கேட்ட பளபளப்பை இசைக்குழுவின் மேல் பூசத் தொடங்கினார் என்பதே என் வருத்தம்.

‘ஹூசியர்ஸ்’ படத்தில் இது அப்பட்டமாகத் தெரிகிறது. 1950களின் தொடக்கத்தில் இண்டியானாவின் சிற்றூர்ப் பள்ளி ஒன்றின் கூடைப்பந்து அணியைப் பற்றிய கதை அது. திரையில் நாம் பார்ப்பது சோளக்காடுகளையும் மரத்தளம் போட்ட பழைய ஆடுகளங்களையும். காதில் விழுவதோ படம் வெளிவந்த 1986-ஆம் ஆண்டின் மின்னணு மேளம். காலத்தைக் காட்டிக்கொடுக்கும் இசையை எப்படி இணைப்பு என்று சொல்வது?

கம்பிச்சுருள் எழுதியது:

செவிப்பறை அவர்களே, நீங்கள் 1968-ஐயும் 1986-ஐயும் இரு துருவங்களாக வைக்கிறீர்கள். இடையில் உள்ள பாதையைப் பார்த்தால் இரண்டும் ஒரே மனிதரின் ஒரே தேடல் என்பது விளங்கும். 1970-இல் வந்த ‘பேட்டன்’ படத்தில் டிரம்பெட்டுகள் மும்மூன்று சுரங்களாக வாசிக்கும் சிறு துணுக்கு, ஒலியைக் காந்தநாடாவில் பதிந்து எதிரொலிக்கவைக்கும் கருவியின் வழியே தேய்ந்து தேய்ந்து தொலைவில் மறைகிறது. முற்பிறவிகளிலும் தான் போர்க்களத்தில் நின்றதாக நம்பிய தளபதி பேட்டனுக்கு, பழைய போர்கள் எங்கிருந்தோ கூப்பிடுவதைப் போன்ற ஒலி அது. ஊதியவர்கள் மனிதர்கள், தொலைவைத் தந்தது இயந்திரம். அந்த எதிரொலியை எடுத்துவிட்டால் அது சாதாரண இராணுவ ஊதலாகிவிடும்.

ஆனால் என் வாதத்தின் நெஞ்சு 1976-இல் வந்த ‘லோகன்ஸ் ரன்’. கண்ணாடிக் குவிமாடத்துக்குள் அடைபட்ட நகரத்தில் முப்பது வயதுக்கு மேல் ஒருவரும் வாழ அனுமதி இல்லை. நகரத்துக்குள் நடக்கும் காட்சிகளுக்குக் கோல்ட்ஸ்மித் கம்பி வாத்தியங்கள், விசைப்பலகைகள், மின்னணு ஒலிகள் ஆகியவற்றோடு தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்கிறார். மரக்குழல்களையும் பித்தளை வாத்தியங்களையும் பூட்டியே வைத்திருக்கிறார். தப்பியோடும் இருவரும் வெளியே வந்து வாழ்நாளில் முதன்முறையாகச் சூரியனைப் பார்க்கும் இடத்தில்தான் முழு இசைக்குழுவும் திறந்துகொள்கிறது. அதுவரை நம் காது எதற்காக ஏங்கியது என்பதே அந்தக் கணத்தில்தான் நமக்குத் தெரிகிறது. அந்த விடியலுக்கு அவ்வளவு வெளிச்சம் எங்கிருந்து வந்தது? முன்னால் இருந்த மின்னணு வறட்சியிலிருந்துதான். அதே ஆண்டில் அவர் பாடற்குழுவையும் இசைக்குழுவையும் கொண்டு ‘தி ஓமன்’ படத்துக்கு எழுதினார். பதினெட்டு முறை ஆஸ்கர் பரிந்துரை பெற்றவருக்குக் கிடைத்த ஒரே ஆஸ்கர் அதற்குத்தான். இரண்டில் எது வேண்டும் என்று அறிந்து தேர்ந்தவர் அவர். சந்தைக்குப் பின்னால் ஓடியவர் அல்லர்.

செவிப்பறை எழுதியது:

‘லோகன்ஸ் ரன்’ பற்றி நீங்கள் சொல்வது சரிதான். அதை மறுக்க மாட்டேன். ஆனால் அங்கே கதையே அவருக்குக் காரணத்தைக் கொடுத்துவிட்டது. செயற்கையான நகரம், ஆகவே செயற்கையான ஒலி. வெளியே இயற்கை, ஆகவே மூச்சால் ஊதும் வாத்தியங்கள். நான் கேட்பது அந்தக் காரணம் இல்லாத படங்களைப் பற்றி. 1984-இல் வந்த ‘ரன்அவே’ முழுக்க மின்னணு இசை. இயந்திரங்களைப் பற்றிய படம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைக் கேட்கும்போது, இசைக்குழுவுக்காக எழுதிய வரிகளை வாத்தியம் இல்லாமல் வாசித்ததைப் போலிருக்கிறது. அதற்கு அடுத்த ஆண்டு வந்த ‘லெஜண்ட்’ படத்தின் கதையும் நாம் அறிந்ததே. கோல்ட்ஸ்மித் இசைக்குழு, பாடற்குழு, மின்னணு ஒலி எல்லாம் சேர்த்து எழுதியதை அமெரிக்க வெளியீட்டில் அப்படியே நீக்கிவிட்டு, டேஞ்சரின் ட்ரீம் குழுவின் மின்னணு இசையை வைத்தார்கள். சந்தைக்கு அவரும் போதவில்லை என்பதைத்தானே இது காட்டுகிறது?

கீழ்மேசை எழுதியது:

நான் இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். சென்னையில் பதினோரு ஆண்டுகள் பின்னணி இசைப்பதிவுகளில் கீபோர்டு வாசித்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

மின்னணு ஒலியை இசையோடு சேர்க்க இரண்டு வழிகள் உண்டு. முதல் வழியில் கீபோர்டுப் பகுதியைத் தனியறையில், சுரங்களை நினைவில் வைத்துத் தானே வாசிக்கும் சீக்வென்சரில் முன்பே பதிந்துவிடுவார்கள். வயலின் வாசிப்பவர்கள் பிறகு வந்து, சீரான தாளத்தைச் சொடுக்கொலியாகத் தரும் கிளிக் டிராக்கைக் காதில் மாட்டிக்கொண்டு, அதன் மேல் வாசிப்பார்கள். நான் பங்கேற்ற பதிவுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். மற்ற வழியில் கீபோர்டுக்காரரும் வயலின்காரர்களோடு ஒரே கூடத்தில் உட்கார்ந்து, இசைநடத்துநரின் கையைப் பார்த்து வாசிப்பார். அப்படி வாசிக்கும் வாய்ப்பு எனக்கு ஒரே ஒருமுறை கிடைத்தது. செல்லோ வாசித்த பெரியவர் ஒருவர் எனக்கு இரண்டடி தள்ளி அமர்ந்திருந்தார். வில்லை இழுக்கும் முன் அவர் மூச்சை உள்ளே வாங்குவது எனக்குக் கேட்டது. நடத்துநரின் கை ஓர் இடத்தில் கொஞ்சம் தயங்கியது. செல்லோ தயங்கியது, என் விரலும் தானாகத் தயங்கியது. கிளிக் டிராக் இருந்திருந்தால் என் சுரம் அவருக்கு முன்னால் போய் நின்றிருக்கும்.

கோல்ட்ஸ்மித் இந்த இரண்டாம் வழியைப் பெரிதும் விரும்பியவர். கீபோர்டு வாசிப்பவர்களை இசைக்குழுவின் நடுவிலேயே உட்காரவைத்து, அவர்களுக்கும் இசைக்குறிப்பு எழுதிக் கொடுத்து, தாமே நடத்தினார். கம்பி, மரக்குழல், பித்தளை, தாளவாத்தியம் என்ற நான்கு பிரிவுகளோடு மின்னணு ஒலியையும் ஐந்தாவது பிரிவாகக் கருதினார். இத்தாலிய இசையமைப்பாளர் மாரியோ காஸ்டல்நுவோ-டெடெஸ்கோவிடம், பல மெட்டுகளை ஒரே நேரத்தில் பின்னும் எதிரிசையைப் பயின்றவர் அவர். அதனால் கீபோர்டுக்கும் ஒரு குரலுக்குரிய பங்கைக் கொடுக்க அவரால் முடிந்தது. ‘பூச்சு’ என்ற சொல் அந்த உழைப்புக்குப் பொருந்தாது என்பது என் கருத்து.

கம்பிச்சுருள் எழுதியது:

கீழ்மேசை அவர்களுக்கு நன்றி. நான் தத்துவமாகச் சொல்ல முயன்றதை நீங்கள் கையால் காட்டிவிட்டீர்கள்.

‘லெஜண்ட்’ பற்றி ஒரு சொல். நீக்கியவர்களின் முடிவை அவருடைய இசைக்கு எதிரான சான்றாக வைப்பது நியாயமன்று. ஐரோப்பிய வெளியீட்டில் அவருடைய இசையே இருந்தது. 2002-இல் இயக்குநரின் வடிவம் டிவிடியில் வந்தபோது அதைத்தான் மீண்டும் வைத்தார்கள். சந்தைக்காக எழுதியிருந்தால் அதை நீக்கவே தேவை இருந்திருக்காதே! 1979-இல் வந்த முதல் ‘ஸ்டார் ட்ரெக்’ படத்தையும் மறந்துவிட வேண்டாம். விண்வெளியில் நெருங்கிவரும் அந்த மாபெரும் பொருளுக்கு, கம்பிகள் கட்டிய நீண்ட அலுமினியச் சட்டமான பிளாஸ்டர் பீமைப் பயன்படுத்தினார். அந்த உறுமல் முழு இசைக்குழுவின் அடியிலிருந்து எழுகிறது. அது வாத்தியமா, மின்னணுவா என்று என்னால் இன்றுவரை பிரித்துச் சொல்ல முடியவில்லை.

செவிப்பறை எழுதியது:

கீழ்மேசை அவர்களின் பதிவைப் படித்த பிறகு, நேற்றிரவு ‘ஹூசியர்ஸ்’ படத்தின் இறுதிப் போட்டிக்கான இசையை விளக்கை அணைத்துவிட்டு இரண்டு முறை கேட்டேன். தாளத்துக்குள் ஆடுகளத் தளத்தில் பந்து மோதும் ஒலியையே பதிந்து சேர்த்திருக்கிறார். இத்தனை ஆண்டுகளாக அதை மின்னணு மேளம் என்றே எண்ணியிருந்தேன். அந்தத் துடிப்பின் மேல் கம்பி வாத்தியங்கள் ஏறும்போது, ஆடுகிற பையன்களின் கால்கள் அங்கே இருக்கின்றன. அந்த இடத்தைப் பொறுத்தவரை ‘பூச்சு’ என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் அதன் மேல் வரும் சிந்தசைசரின் மெட்டை நான் இன்னும் ஏற்கவில்லை. அதே வரியை ஒரு டிரம்பெட் வாசித்திருந்தால் படம் கூடுதலாக ஒரு தலைமுறை தாங்கியிருக்கும் என்றே நினைக்கிறேன். கீழ்மேசை அவர்கள் அந்த மெட்டை இரண்டு ஒலிகளிலும் வாசித்துப் பதிவேற்ற முடியுமா? இரண்டையும் அருகருகே வைத்துக் கேட்ட பிறகே மேற்கொண்டு எழுதுவேன்.