67 வாட் சார்ஜர்தான் என் போன் பேட்டரியைக் கெடுத்துடுச்சா? 14 மாசத்துல மதியம் வரைக்கும்கூட நிக்கல

ஆட்டோ_வேலூர்

எல்லாருக்கும் வணக்கம். நான் வேலூர்ல ஆட்டோ ஓட்டுறேன். காட்பாடி ஸ்டேஷன்ல இருந்து சி.எம்.சி. வரைக்கும், அங்க இருந்து திரும்ப ஸ்டேஷன். இதுதான் என் ஓட்டம். வர்றவங்கள்ல பாதிப் பேர் கல்கத்தா பக்கத்து ஆளுங்க, கையில ரிப்போர்ட் ஃபைலோட இறங்குவாங்க. எனக்கு இந்தி அரைகுறை, பெங்காலி சுத்தமா வராது. போன்ல பேசி, அது மொழிபெயர்த்துக் காட்டுறதை வெச்சுதான் எந்த லாட்ஜ், எந்தப் பக்கம் ஆஸ்பத்திரின்னு கேட்டுக்கறேன். வாடகையும் பாதிக்கு மேல போன்லதான் வருது. போன் இல்லைன்னா எனக்கு வாய் இல்லாத மாதிரி.

போன செவ்வாய்க்கிழமை ஒரு பெரியவரும் அவர் பொண்ணும் ஏறினாங்க. பெரியவருக்கு மூச்சு வாங்குது. எங்க தங்கறீங்கன்னு போனை நீட்டிக் கேட்டுக்கிட்டு இருக்கறப்பவே டப்புன்னு அணைஞ்சிடுச்சு. 22 சதவீதம் காட்டினது, என் கண்ணால பார்த்தேன். கிரீன் சர்க்கிள் கிட்ட வெயில்ல வண்டியை ஓரம் கட்டி, ஒரு மருந்துக் கடையில இந்தி தெரிஞ்ச பையனைத் தேடிப் பிடிக்கறதுக்கு இருபது நிமிஷம் ஆச்சு. அந்தப் பெரியவர் முகம் இன்னும் மனசுல நிக்குது.

போன் பேட்டரி கொள்ளளவு 5000 எம்.ஏ.ஹெச். பெட்டியிலேயே 67 வாட் சார்ஜர் வந்தது. வாங்கி 14 மாசம். வீட்டுல ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி போட்டா முக்கால் மணி நேரத்துல நிறைஞ்சிடும். பகல்ல வண்டியில ஹேண்டில் பக்கத்துல ஒயர் இழுத்து மாட்டின 250 ரூபாய் சார்ஜர், அதுல நாள் பூரா சொருகியே இருக்கும். போன் முன் கண்ணாடி ஸ்டாண்டுல. மேப் ஓடிக்கிட்டே இருக்கும்.

ஆட்டோ ஸ்டாண்டுல எல்லாரும் சொல்றது ஒண்ணுதான்: "இந்த ஃபாஸ்ட் சார்ஜர் பேட்டரியைத் தின்னுடும், பழைய 10 வாட் சார்ஜர் போடு". உண்மையா? இனிமே ஸ்லோ சார்ஜர்தான் போடணுமா? புது போன் வாங்கற நிலைமை இப்ப இல்ல. பொண்ணுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டணும்.

இன்னொரு சின்ன விஷயம், ஒரு மாசமா பின்பக்க மூடி ஒரு ஓரத்துல லேசா தூக்கின மாதிரி இருக்கு, பௌச் சரியா உக்கார மாட்டேங்குது. கீழ விழுந்ததால இருக்கும்னு நெனைக்கறேன்.

---

மெக்கானிக்_காட்பாடி

அண்ணா, கடைசியா சொன்னீங்களே அதுதான் பெரிய விஷயம். மத்ததை அப்புறம் பேசலாம். போனை இப்பவே ஸ்விட்ச் ஆஃப் பண்ணுங்க. சார்ஜ் போடாதீங்க. மூடியை அழுத்தி உக்கார வைக்கவே வைக்காதீங்க, ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கறவங்களும் இருக்காங்க, அதையும் செய்யாதீங்க. உங்க பேட்டரி உப்பிடுச்சு. உள்ள கேஸ் சேர்ந்து பை ஊதி மூடியைத் தள்ளுது. சட்டைப் பையில வைக்காம, தலகாணி, துணி பக்கத்துல இல்லாம தனியா வெச்சு, நாளைக்குக் காலைல ஒரு நல்ல கடைக்கு எடுத்துட்டுப் போங்க. நான் சித்தூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம்தான் கடை வெச்சிருக்கேன், என்கிட்டதான் வரணும்னு இல்ல.

இப்ப உங்க கேள்விக்கு வரேன். பன்னிரண்டு வருஷமா இந்த வேலை செய்றேன். மார்ச்சுல இருந்து ஜூன் வரைக்கும் உப்பின பேட்டரி என் மேஜைக்கு வர்ற மாதிரி மத்த மாசத்துல வர்றதில்ல. கொண்டு வர்றவங்கள்ல உங்களை மாதிரி ஆட்டோ ஓட்டுறவங்க, சாப்பாடு டெலிவரி பண்ற பசங்க, பைக் ஹேண்டில்ல போன் மாட்டுறவங்க இவங்கதான் அதிகம். வீட்டுல 67, 80 வாட்டுல சார்ஜ் போட்டுட்டு ஆபீஸ்ல ஃபேனுக்குக் கீழ உக்கார்றவங்க பேட்டரி மூணு வருஷம் கழிச்சும் ஓரளவு நல்லாதான் இருக்கு. ரெண்டு பேர்கிட்டயும் சார்ஜர் ஒண்ணுதான், வெயில்தான் வேற.

நீங்க ஒண்ணு கவனிக்கல. வண்டியில மாட்டினீங்களே அந்த 250 ரூபாய் சார்ஜர், அது உங்க போனுக்கு ஃபாஸ்ட் சார்ஜரே இல்ல. உங்க கம்பெனி 67 வாட்டுக்கு அவங்க சார்ஜரும் அவங்க கேபிளும் பேசிக்கணும். போன் "எனக்கு இவ்வளவு வோல்ட், இவ்வளவு ஆம்பியர் குடு"ன்னு கேக்கும், அந்த சார்ஜர் குடுக்கும். வேற சார்ஜர் மாட்டினா பேச்சு ஒத்து வராது, பெரும்பாலும் 10 வாட் பக்கம்தான் போகும். திரையில வேகமா சார்ஜ் ஆகுதுன்னு எழுத்து வருதான்னு பாருங்க, வராது. ஆக நாள் பூரா நீங்க ஸ்லோ சார்ஜ்லதான் இருந்திருக்கீங்க. ஸ்டாண்டுல சொல்ற வைத்தியத்தைத்தான் பகல் முழுக்க செஞ்சிருக்கீங்க, பேட்டரி அப்படித்தான் போயிருக்கு.

கெடுத்தது மூணும் ஒண்ணா சேர்ந்தது: கண்ணாடிக்குப் பின்னாடி நேர் வெயில், மேப்பும் டேட்டாவும் ஓடி போன் தானே சூடாகறது, இதுக்கு நடுவுல 100 சதவீதத்துலயே மணிக்கணக்கா சொருகி வெச்சிருக்கறது. ஆப்பிள் கம்பெனியே அவங்க போனை 0 முதல் 35 டிகிரி சுற்றுச் சூட்டுலதான் பயன்படுத்தச் சொல்றாங்க. நம்ம ஊர்ல கத்திரி வெயில்ல நிழலே 40 தாண்டுது. கண்ணாடி ஸ்டாண்டுல எவ்வளவு இருக்கும்னு நீங்களே நெனைச்சுப் பாருங்க.

ஃபாஸ்ட் சார்ஜர் சூடே பண்ணாதுன்னு சொல்ல மாட்டேன். பண்ணும். ஆனா 67 வாட்டுங்கறது முதல் சில நிமிஷம்தான். அப்புறம் போனே குறைச்சுக்கிட்டு வரும், 80 தாண்டினா ரொம்ப நிதானமாயிடும். சூடு ஏறினாலும் அதுவே குறைச்சுக்கும். நெறைய போன்ல பேட்டரியை ரெண்டு செல்லா, அதாவது ரெண்டு தனித்தனி சின்ன பேட்டரியா பிரிச்சு வெச்சு, ஒவ்வொண்ணுக்கும் பாதி பாரம் போற மாதிரி பண்ணியிருக்காங்க. ராத்திரி வீட்டுல, பௌச்சைக் கழட்டி, தரையில வெச்சு முக்கால் மணி நேரம் போட்டா அதனால பெரிசா கெட்டுடாது.

---

வேதியியல்_டீச்சர்_குடியாத்தம்

மெக்கானிக் தம்பி சொன்னது சரி. 22 சதவீதத்துல ஏன் திடீர்னு அணைஞ்சதுன்னு ஆட்டோ அண்ணா கேக்கல, ஆனா அதையும் சொல்லிடறேன். அன்னைக்கு அந்தப் பெரியவருக்கு நடந்தது மறுபடி நடக்கக் கூடாது.

லித்தியம் அயனி பேட்டரியில சார்ஜ் போடறப்ப லித்தியம் அயனிகள் ஒரு பக்கத்துல இருந்து கிளம்பி கிராஃபைட் அடுக்குகளுக்குள்ள போய் உக்காரும். பயன்படுத்தறப்ப திரும்பி வரும். முதல் தடவை சார்ஜ் ஏத்தறப்பவே கிராஃபைட் மேல மெல்லிசா ஒரு படலம் படியும், பாலைக் காய்ச்சினா மேல ஆடை படியுமே அந்த மாதிரி. அந்தப் படலம் வேணும், அதுதான் காப்பு. ஆனா சூடு அதிகமானா அது தடிச்சுக்கிட்டே போகும். தடிக்கறதுக்கு லித்தியத்தையே எடுத்துக்கும், எடுத்தது திரும்பி வராது. கொள்ளளவு குறையறது பெரும்பாலும் இதனாலதான். பொதுவா வேதிவினைகள் 10 டிகிரி ஏறினா ஏறக்குறைய ரெண்டு மடங்கு வேகமாகும்னு பிளஸ் டூ பசங்களுக்குச் சொல்லிக் குடுப்போம். அதை வெயில்ல நாள் பூரா இருக்கற போன்ல பொருத்திப் பாருங்க.

நிறைஞ்ச நிலையும் அதே மாதிரிதான். முழு சார்ஜ்ல ஒரு செல் 4.2 வோல்ட்டுல இருக்கும், இப்ப வர்ற போன்கள்ல 4.4 வோல்ட்டைத் தாண்டியும் போகுது. அந்த உயர்ந்த வோல்ட்டேஜ்ல உள்ள இருக்கற திரவம் சிதைய ஆரம்பிக்கும். சூடும் சேர்ந்தா இன்னும் வேகமா சிதையும், கேஸ் வரும். உங்க மூடி தூக்கினது அந்தக் கேஸாலதான்.

படலம் தடிச்சா உள்தடையும், அதாவது பேட்டரிக்குள்ளயே கரண்ட் ஓட்டத்துக்கு இருக்கற தடையும், ஏறும். மேப், மொழிபெயர்ப்பு, டேட்டா எல்லாம் ஒரே நேரத்துல கரண்ட் இழுக்கறப்ப வோல்ட்டேஜ் சட்டுனு கீழ விழும். 22 சதவீதம் சரக்கு உள்ள இருந்தும் வெளிய குடுக்க முடியல, அதனால போன் தன்னையே அணைச்சுக்கிச்சு.

80க்கு மேல ஏன் மெதுவாகுதுன்னா, எங்க தெருவுல தண்ணி விடறப்ப குடம் பிடிக்கறதை நெனைச்சுக்கோங்க. வயிறு நிறையற வரைக்கும் குழாயை முழுசா திறந்து விடுவோம், கழுத்து வந்ததும் கையால குறைப்போம். குறைக்கலைன்னா வழியும். செல்லுல வழியறதுன்னா, கிராஃபைட்டுக்குள்ள இடம் கிடைக்காத லித்தியம் வெளிய உலோகமா படியறது. அது ஆபத்து. அதைத் தடுக்கத்தான் போன் தானே வேகத்தைக் குறைக்குது. அதிகக் குளிர்ல வேகமா சார்ஜ் பண்ணினாலும் இப்படிப் படியும், ஆனா வேலூர்ல அந்தக் கவலை நமக்குக் கிடையாது.

இந்த பேட்டரியை 1991ல சோனி முதல் முதலா விற்பனைக்குக் கொண்டு வந்தாங்க. இதுக்கு அடித்தளம் போட்ட மூணு பேருக்கு 2019ல வேதியியல் நோபல் கிடைச்சது. அதுல ஜான் குட்எனஃபுக்கு அப்ப 97 வயசு, நோபல் வாங்கினவங்கள்லயே மூத்தவர். வகுப்புல இதைச் சொல்றப்ப ஒவ்வொரு வருஷமும் எனக்கு ஒரு சந்தோஷம்.

---

ராணிப்பேட்டை_74

நான் நாலு வருஷமா பழைய 10 வாட் சார்ஜர்தான் போடறேன். பேட்டரி இன்னும் நல்லா இருக்கு. ஸ்லோதான் நல்லதுன்னு என் அனுபவம் சொல்லுது. அப்புறம் மாசம் ஒரு தடவை பூஜ்யம் வரைக்கும் இறக்கி ஏத்தணும், அதையும் சொல்லுங்க.

---

மெக்கானிக்_காட்பாடி

ஐயா, உங்க போன் நல்லா இருக்கறது சந்தோஷம். ஸ்லோ சார்ஜ்ல சூடு கம்மி, அதனால கொஞ்சம் நன்மை உண்டு, மறுக்கல. ஆனா நீங்க வீட்டுக்குள்ள வெச்சிருக்கீங்க, அதுதான் முக்கியக் காரணம். பூஜ்யம் வரைக்கும் இறக்கறது பழைய நிக்கல் பேட்டரி காலத்துப் பழக்கம். லித்தியத்துக்கு அது வேண்டாம், அடிக்கடி செஞ்சா கெடுதல்தான். சதவீதம் தப்பா காட்டினா எப்பவாவது ஒரு தடவை செய்யலாம், அவ்வளவுதான்.

சைக்கிள் கணக்கும் நெறைய பேருக்குக் குழப்பம். மொத்தம் 100 சதவீதம் சார்ஜ் ஏத்தி செலவழிச்சா அது ஒரு சைக்கிள். ஒரு நாள் 50, மறுநாள் 50 ஏத்தினா ரெண்டும் சேர்ந்துதான் ஒரு சைக்கிள். அடிக்கடி சொருகினா எண்ணிக்கை ஏறிடும்னு பயப்பட வேண்டாம். ஐபோன் 14 வரைக்கும் 500 சைக்கிள்ல பேட்டரி கொள்ளளவுல 80 சதவீதம் மிஞ்சும்னு ஆப்பிள் சொன்னது, 15ல இருந்து 1000. ஐரோப்பாவுல 2025 ஜூன் 20ல இருந்து விக்கற போனுக்கு 800 சைக்கிள் கழிச்சும் 80 சதவீதம் நிக்கணும்னு சட்டமே வந்துடுச்சு. இந்தக் கணக்கெல்லாம் சாதாரண சூட்டுல போட்டது. வெயில்ல வெச்ச போனுக்கு இது பொருந்தாது.

---

ஆட்டோ_வேலூர்

ஒன்பது நாள் கழிச்சு எழுதறேன். எல்லாருக்கும் நன்றி.

அன்னைக்கு ராத்திரி போனை அணைச்சு, மாடியில சிமெண்ட் திட்டுல வெச்சேன். வீட்டுல கேட்டாங்க, பொண்ணு பயந்துட்டா. காலைல மெக்கானிக் தம்பி கடைக்கே போனேன். பக்கத்துல நின்னு பார்த்தேன். மூடிக்கு லேசா சூடு காட்டி, மெல்லிசு பிளாஸ்டிக் அட்டையால ஓரமா பிரிச்சாரு. உள்ள பேட்டரி எண்ணெயில போட்ட பூரி மாதிரி எழும்பி நின்னது. நெயில் பாலிஷ் மாதிரி ஒரு வாசனை. ஒட்டின பசை விட ஸ்பிரிட் மாதிரி ஏதோ ரெண்டு சொட்டு விட்டு, அஞ்சு நிமிஷம் காத்திருந்து, இரும்பு எதுவும் படாம இழுத்தாரு. அவசரமே படல. கடையில இன்னும் நாலு பேர் நின்னாங்க, அவர் தலை தூக்கல. புது பேட்டரி, பசை, வேலை எல்லாம் சேர்த்து 1,450 ரூபாய்.

இப்ப நான் பண்றது: போனைக் கண்ணாடியில இருந்து எடுத்து, மீட்டருக்குக் கீழ நிழல்ல மாட்டிட்டேன். மேப் பார்க்கக் கொஞ்சம் குனியணும், பரவாயில்ல. வழி தெரிஞ்ச இடத்துக்கு மேப் போடறதே இல்ல. செட்டிங்ஸ்ல 80ல நிறுத்தற வசதி இருந்தது, தம்பி காட்டினாரு, போட்டுட்டேன். வண்டி சார்ஜரை 30க்குக் கீழ போனா மட்டும் சொருகறேன். மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போறப்ப அதே 67 வாட் சார்ஜர், ஃபேனுக்குக் கீழ, இருபது நிமிஷம். சாயந்தரம் வரைக்கும் தாங்குது.

பேட்டரி சூட்டைக் காட்டற ஒரு ஆப் போட்டேன். நேத்து ரெண்டு மணிக்கு 39. வேணும்னே பத்து நிமிஷம் பழைய இடத்துல மாட்டிப் பார்த்தேன், 46 போச்சு. உடனே எடுத்துட்டேன். டீச்சர், நீங்க சொன்ன ஆடை கணக்கு அப்பதான் எனக்கு உறைச்சது. ஸ்டாண்டுல ஆறு பேருக்கு அந்த ரெண்டு எண்ணையும் காட்டினேன். மூணு பேர் அங்கயே கண்ணாடியில இருந்து போன் ஸ்டாண்டைக் கழட்டிட்டாங்க.

ஒரு கேள்வி. அந்த உப்பின பேட்டரியைப் பொண்ணு ஸ்கூல்ல காட்டணும்னு கேட்டா. தம்பி குடுக்க மாட்டேன்னுட்டாரு. அதை என்ன பண்ணீங்க?

---

மெக்கானிக்_காட்பாடி

குடுக்க முடியாது அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. புள்ளைங்க கையில காம்பஸ் முள்ளு இருக்கும். ஒரு குத்து குத்தினா பத்திக்கும். அது கடைக்குப் பின்னாடி, ஆத்து மணல் போட்ட இரும்பு டப்பாவுல, டெர்மினல்ல டேப் ஒட்டிக் கிடக்கு. அதோட சேர்த்து பதினொண்ணு ஆச்சு. மாசக் கடைசியில ஈ-வேஸ்ட் எடுக்கறவங்க வருவாங்க. பொண்ணுக்கு வேணும்னா ஒரு சனிக்கிழமை கடைக்குக் கூட்டிட்டு வாங்க, தள்ளி நிக்க வெச்சு நானே காட்டறேன்.