பெட்டியில் வந்த வாசனை: உங்கள் வீட்டுக் கதையையும் சொல்லுங்கள்

கொழிஞ்சாம்பாறை மருமகள்:

வெளிநாட்டுச் சோப்பு எங்கள் வீட்டில் குளிப்பதற்கு வருவதில்லை. கொழுந்தனார் ஷார்ஜாவிலிருந்து வந்து பெட்டியைப் பிரித்ததும், அத்தை சோப்புகளை மட்டும் எண்ணி எடுத்து பீரோவில் பட்டுச்சேலைகளுக்கு நடுவே செருகிவிடுவார். மூன்று வருடம் கழித்து எடுத்துப் பார்த்தால் சோப்பு காய்ந்திருக்கும், சேலை மணக்கும்.

போன தடவை ஐந்து கட்டிகள் வேறு மாதிரி வந்தன. மேலே பளபளக் காகிதம் எதுவும் இல்லை. வெல்லக்கட்டி போல ஒரே பழுப்பு, நடுவில் அரபியில் ஒரு முத்திரை. அத்தை மோந்து பார்த்துவிட்டு, "இதென்ன அம்மிணி, மாட்டு மருந்தாட்டம் வாசம்" என்று என் பக்கம் தள்ளிவிட்டார். சிரியாவில் அலெப்போ நகரத்துப் பழைய முறைச் சோப்பு அது. ஆலிவ் எண்ணெயையும் லாரல் எண்ணெயையும் காய்ச்சி ஊற்றி, வெட்டி, மாதக்கணக்கில் காற்றில் உலர வைப்பார்கள். வெளிப்புறம் பழுத்துப் பழுப்பாகிவிடும், உள்ளே பச்சை அப்படியே இருக்கும். நம்பாமல் அரிவாள்மனையில் ஒரு கட்டியை இரண்டாக அரிந்தேன். பாசிப்பயறு நிறத்தில் அப்படி ஒரு பச்சை! இந்தக் கைத்தொழிலை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள் என்று கொழுந்தனார் சொன்னபோது, அத்தை மட்டும் இன்னொரு தடவை மோந்து பார்த்தார்.

தலைக்கும் இதையே போடலாம் என்றார்கள். போட்டேன். நுரையே எழவில்லை. இன்னும் தேய்த்தேன், கட்டி கரைந்ததுதான் மிச்சம். முடி காய்ந்த பிறகு பாவு நூலுக்குக் கஞ்சி போட்டதுபோல் விறைத்து நின்றது. சீப்பின் பல்லிடுக்கில் வெள்ளையாகப் பிசுக்கு, வாளி விளிம்பிலும் அதே வெள்ளை வளையம். போலிச் சரக்கை யாரோ கொழுந்தனார் தலையில் கட்டிவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்துக் கொல்லங்கோட்டுக்கு, அம்மா வீட்டுக்குப் போனேன். மலையடிவாரம், திறந்த கிணறு. அரிந்து வைத்த மற்றப் பாதியைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். இரண்டே இழுப்பு, தலை முழுக்க நுரை! அதே சோப்பு, அதே தலை. மாறியது தண்ணீர் ஒன்றுதான்.

எங்கள் வீட்டுப் போர்வெல் அறுநூறு அடிக்கு மேல், சரியான உப்புத் தண்ணீர். அதிலிருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிந்து முடியில் படிந்துவிடுகின்றன. ஷாம்புவில் வேறு வகை நுரைப்பொருள் இருப்பதால் இவ்வளவு திரிவதில்லை. சீயக்காயும் அப்படித்தான், அதில் வேலை செய்யும் சப்போனின் உப்புத் தண்ணீருக்கு அசைவதில்லை. எங்கள் ஊர்ப் பாட்டிகள் சீயக்காயை விடாமல் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

இன்னும் மூன்று கட்டி முழுசாக இருக்கிறது. என்ன செய்யலாம்? உங்கள் கதைகளையும் சொல்லுங்கள்.

செங்கோட்டை ஆச்சி பேரன்:

தண்ணீர் சரியாக இருந்தாலும் வாளி காலை வாரிவிடும் அக்கா.

லண்டனிலிருந்து வந்த அத்தான் பந்து வடிவத்தில் ஒன்று கொடுத்தார். குளியல் குண்டு. தொட்டியில் போட்டால் பொங்குமாம். நம்மூரில் தொட்டி ஏது? பெரிய பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் பிடித்து உள்ளே போட்டேன். சோடா உப்பும் சிட்ரிக் அமிலமும்தான் சரக்கு, ஈரம் பட்டதும் இரண்டும் சேர்ந்து பொங்கும். ஒரு தொட்டித் தண்ணீருக்கு அளந்து செய்ததை ஒரு வாளிக்குப் போட்டால் என்ன ஆகும்? சீறிக்கொண்டு விளிம்புவரை ஏறி, தண்ணீர் ரத்தச் சிவப்பாகி, மேலே ஜிகினா மிதந்தது.

அந்த நேரம் பார்த்து ஆச்சி வந்தாள். வாளியை எட்டிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஏலே, யாருக்கு ஆலாத்தி கரைச்சு வச்சிருக்க? இம்புட்டு எதுக்குலே, ஊருக்கே சுத்தப் போறியா?" என்றாள். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் வரும் அதே சிவப்பு. நான் வாய் திறப்பதற்குள் ஒரு செம்பு மொண்டு வாசலில் கொண்டுபோய் ஊற்றிவிட்டாள்! மிச்சத்தில் குளித்தேன். ரோஜா வாசனை அருமைதான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று நாள் காதோரம் ஜிகினா மின்னியது. கல்லூரி பஸ்ஸில் என்ன பேர் வைத்தார்கள் என்பதை இங்கே எழுத முடியாது.

நகரி பெரியப்பா:

நான் ஆந்திரா பக்கம், திருத்தணி தாண்டி. எங்களுக்கும் உப்புத் தண்ணீர்தான், அதனால் அந்த அம்மா எழுதியதைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. நான் தண்ணீர் மேல் பழிபோட்ட கதை வேறு.

தம்பி மகன் ஜெர்மனியிலிருந்து இரண்டு பாட்டில் கொண்டுவந்தான், ஒரே நிறம், ஒரே பூப்படம். அதில் ஒன்றை எடுத்து வாரம் இரண்டு தடவை தலைக்குப் போட்டேன். தேங்காய்ப்பால் மாதிரி வெள்ளையாக வரும், மணம் தூக்கும், நுரை மட்டும் வராது. "எல்லாம் இந்தத் தண்ணி பண்ற வேலை" என்று லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றிப் பார்த்தேன். அப்போதும் நுரை இல்லை. தலையில் எண்ணெய்ச் சட்டியைக் கவிழ்த்தாற்போல் ஒரே வழவழப்பு. தறியில் உட்கார்ந்தால் நெற்றியில் வழியும். ஒன்றரை மாதம் இப்படியே ஓடியது.

பேத்தி விடுமுறைக்கு வந்தாள். போன் கேமராவை பாட்டில் மேல் காட்டினாள், எழுத்து மாறியது. அதில் போட்டிருந்த சொல் ஷ்ப்யூலுங். அதாவது கண்டிஷனர். தலையை அலசிய பிறகு போட வேண்டியது. ஷாம்பு, மூடி திறக்காத மற்ற பாட்டிலில் இருந்தது. "தாத்தா, ஆறு வாரமா நீ தலையே கழுவலை" என்றாள். பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாவுக்கும் கேட்கும்படி சொன்னாள்.

அன்றைக்கு அவள் கற்றுக்கொடுத்த இன்னொன்று: பாட்டில் பின்னால் மூடி திறந்த டப்பா போல ஒரு சின்னப் படம், அதற்குள் 12 எம் என்று இருக்கும். திறந்த பிறகு பன்னிரண்டு மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். அதற்குத்தான் பீரோ சோப்பு ஆட்களைப் பற்றி எனக்குக் கவலை.

கொழிஞ்சாம்பாறை மருமகள்:

பெரியப்பா, அத்தை சோப்பைத் திறந்தால்தானே மாதக் கணக்கு!

களியக்காவிளை மக்கா:

மஸ்கட்டில் பதினொரு வருடம் இருந்தேன். சோப்பு, ஷாம்பு எல்லாம் ஊரிலேயே கிடைக்கும் என்று வாங்க மாட்டேன். வாங்கியது ஊத். அங்கே பெண்கள் குளித்துவிட்டு வந்து தலைமுடிக்கும் உடுப்புக்கும் கரியில் ஊத் போட்டுப் புகை காட்டுவார்கள். லிஃப்டில் யாராவது ஏறி இறங்கிப் போனால் பத்து நிமிடம் அந்த மணம் நிற்கும். மயங்கிப்போய் ஒரு மாதச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்துச் சின்ன மரச்சில்லுகள் ஒரு டப்பா வாங்கிவந்தேன்.

அம்மா ஒரு சில்லை எடுத்துச் சாம்பிராணிக் கரண்டியில் போட்டார். புகை வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். "மக்களே, இது அகிலுல்லா?" என்றார். அவருடைய அப்பாவுக்கு வைத்தியம் தெரியும், பெட்டியில் அகில்கட்டை இருந்ததாம். ஆமாம், அகில்தான். மரத்துக்குள் பூஞ்சை புகுந்தால் மரம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பிசின் சுரக்கும், அந்தப் பிசின் ஊறிய கட்டைக்குத்தான் இவ்வளவு விலை. நோய் வராத மரத்துக்கு மணமே கிடையாது. கூந்தலுக்கு அகிற்புகை ஊட்டியதைச் சங்கப் பாட்டுக்காரர்களே பாடியிருக்கிறார்கள். நான் அதை மஸ்கட்டில் போய்க் கண்டுபிடித்தேன்!

வெட்டிவேரும் இதே கதிதான். ஒரு பிரெஞ்சு செண்ட் பாட்டிலில் வெட்டிவர் என்று போட்டிருந்தது. நம் தமிழ்ச் சொல்தான் அங்கே போய்ச் சட்டை மாற்றிக்கொண்டிருக்கிறது.

கம்பம் தோட்டக்காரி:

சிரிப்புக் கதைகளுக்கு நடுவே ஒரு வலிக்கதை. மன்னிக்கவும்.

சின்ன நாத்தனார் வெளிநாட்டில் ஒரு சந்தையில் வாங்கியது, கையால் செய்த உடம்பெண்ணெய். ஆரஞ்சும் எலுமிச்சையும் கலந்தாற்போல் மணம். சீட்டில் பெர்கமாட் என்று இருந்தது, அதுவும் ஒரு நாரத்தை வகைதான் என்றாள். காலையில் கழுத்தில் இரண்டு பக்கமும் தடவிக்கொண்டு ஜீப்பில் குமுளிக்குப் போனேன். அன்றைக்குப் பூரா வெயில். சாயங்காலம் எரிச்சல். இரண்டு நாளில் எண்ணெய் வழிந்த தடத்திலேயே, காதுக்குக் கீழிருந்து காறை எலும்புவரை, கருஞ்சிவப்பாகக் கோடு விழுந்தது. யாரோ விரலால் மை இழுத்துவிட்டது போல.

தேனியில் தோல் டாக்டர் பார்த்தவுடன் கேட்டார், "செண்ட் போட்டுக்கிட்டு வெயில்ல நின்னீங்களாம்மா?" பெர்கமாட் தோல் எண்ணெயில் இருக்கும் ஒரு பொருள் வெயில் பட்டால் தோலைச் சுட்டுவிடுமாம். பெரிய கம்பெனிகள் பெரும்பாலும் அதை நீக்கிவிட்டுத்தான் சேர்க்கின்றன, சந்தையில் கையால் செய்ததில் அதற்கு உத்தரவாதம் இல்லை. கருப்பு மறைய ஏழு மாதம் ஆனது. அதுவரை கழுத்து மூடிய ரவிக்கைதான். நாத்தனாரிடம் சொல்லவில்லை, ஆசையாகக் கொடுத்தவள். இப்போது ராத்திரியில் மட்டும் காலுக்குத் தடவுகிறேன்.

வேலந்தாவளம் டீச்சர்:

மருமகளே, நானும் அதே உப்புத் தண்ணீர்க்காரி. சோப்பைப் போட்டு அலசி முடித்ததும், அரை எலுமிச்சம்பழத்தை ஒரு செம்புத் தண்ணீரில் பிழிந்து தலையில் ஊற்றிக்கொள். புளிப்பு அந்த வெள்ளைப் பிசுக்கை எடுத்துவிடும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள், பிறகு நல்ல தண்ணீரில் ஒரு தடவை அலசிவிடு. மழை பெய்தால் ஓட்டுத் தண்ணீர் பிடித்து வைத்துக் குளி, எலுமிச்சையும் வேண்டாம்.

கொழிஞ்சாம்பாறை மருமகள்:

டீச்சர், செய்தேன். முடி அம்மா வீட்டில் குளித்ததுபோலவே வந்தது. சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து தலை கோதிக்கொண்டிருந்தேன். அத்தை பின்னால் வந்து நின்று முடியை ஒரு கொத்தாக எடுத்து மோந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

இன்று காலை குளியலறை மாடத்தில் சோப்பைக் காணோம். மூன்று கட்டியும் பீரோவில், மாம்பழக்கலர் பட்டுக்கு அடியில்.