மறுமொழி: கூடத்து மார்பிளில் மங்கல் திட்டுகள்

சித்தப்பாவுக்கும் சங்கத்து உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

பூட்டிக் கிடந்த வீட்டின் கூடத்து மார்பிள் தரையில் மங்கலான திட்டுகள் தெரிகின்றன, என்ன செய்வது என்று கேட்டு நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். வீட்டைத் திறந்ததும் தரை திட்டுத்திட்டாக இருந்தால் அழுக்கு என்றுதான் யாருக்கும் தோன்றும். இது அழுக்கு இல்லை, புளிப்பு அரித்த தடம். வாசல்படி ஓரத்தில் இருப்பது, எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவி வைத்த இடமாக இருக்கும். சாமி அறை முன்னால் இருப்பது, புளி போட்டுத் தேய்த்த விளக்கை ஈரத்தோடு வைத்ததால் வந்திருக்கும். சாப்பாட்டு மேசைக்கடியில் ரசமும் மோரும், சொல்லவே வேண்டாம்.

மார்பிள் என்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். புளிப்பு பட்டால் மேல்தோல் கரைந்து சொரசொரப்பாகிவிடும். பளபளப்பு மேலே பூசிய பூச்சு இல்லை, கல்லையே நைசாகத் தேய்த்து வரவழைத்தது. அதனால் எத்தனை தடவை கழுவினாலும் போன மினுக்கு வராது. ராஜஸ்தானத்து மக்ரானா கல்லோ இத்தாலிக் கல்லோ, எல்லாவற்றுக்கும் இதே கதிதான். டோலமைட் என்ற மெக்னீசியம் சேர்ந்த கனிமம் கலந்த கல்லில் கொஞ்சம் மெதுவாக அரிக்கும், அவ்வளவே.

முதலில் ஒரு சோதனை. திட்டின் மேல் தண்ணீர் தெளியுங்கள். ஈரத்தில் மறைந்து, காய்ந்ததும் திரும்பி வந்தால் அரிப்பு. கல்லின் நிறமே கருத்திருந்தால் அது விளக்கெண்ணெய் மாதிரி உள்ளே இறங்கிய கறை; அதற்கு வைத்தியம் வேறு. வாசலிலிருந்து கூடம்வரை நடைபாதை போல மங்கியிருந்தால் காலில் ஒட்டிவரும் மணல்தான் காரணம். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் மார்பிள் ஏறக்குறைய 3, மணல் 7; அதனால் மணல் கல்லைக் கீறிவிடும். வாசலில் நல்ல மிதியடி போட்டாலே பாதித் தொல்லை குறையும்.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அக்காவிடம் இன்றைக்கே போன் போட்டுச் சொல்லுங்கள்: கக்கூஸ் கழுவும் ஆசிட், வினிகர், எலுமிச்சை எதுவும் தரைக்கு ஆகாது. திட்டைப் போக்குகிறேன் என்று ஆசிட் ஊற்றினால் நுரைத்துக்கொண்டு கூடம் முழுக்க மங்கிவிடும். யூடியூபில் சொல்லும் ஆப்பசோடா கொஞ்சம் அழுக்கை எடுக்கலாம், பாலிஷைத் திருப்பித் தராது.

சின்னத் திட்டுக்கு மார்பிள் பாலிஷ் பவுடர் போதும். தரையை நனைத்து, கொஞ்சம் பவுடர் தூவி, கெட்டியான ஃபெல்ட் (கம்பளி அழுத்திச் செய்த) துணியால் அழுத்திச் சுற்றிச் சுற்றித் தேய்க்க வேண்டும். காயவிடாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்து, கடைசியில் நன்றாகக் கழுவித் துடைக்கவும். பல பவுடர்களில் ஆக்சாலிக் ஆசிட் இருக்கும். அது விஷம். கையுறை கட்டாயம், பிள்ளைகளைக் கிட்டே விடக்கூடாது. ஆசிட் வேண்டாம் என்று சொல்லிவிட்டு இதைச் சொல்கிறேனே என்று கேட்பீர்கள். இது கல்லோடு சேர்ந்து கரையாத நைசான படலமாக மாறும், அதனால்தான் பாலிஷ்காரர்கள் காலங்காலமாக இதைப் பயன்படுத்துகிறார்கள்.

விரலால் தடவும்போது சொரசொரப்பாகவோ பள்ளமாகவோ தட்டுப்பட்டால் பவுடர் பிடிக்காது, மிஷின்தான். 400, 800, 1500, 3000 என்று டைமண்ட் பேடுகளை (வைரத்தூள் பதித்த தேய்ப்பு வட்டுகள்; எண் கூடக்கூட நைசு) ஒன்றன்பின் ஒன்றாகப் போட வேண்டும். நடுவில் ஒன்றைத் தாண்டினால் கீறல் மிச்சம் நின்றுவிடும். திட்டின் அளவுக்கு மட்டும் தேய்த்தால் அங்கே லேசாகக் குழி விழும், வெளிச்சத்தில் அசிங்கமாகத் தெரியும். சுற்றிலும் அகலமாகத் தேய்த்து ஓரத்தை இழைத்துவிடச் சொல்லுங்கள்.

கான்ட்ராக்டர் வீடு முழுக்கப் பாலிஷ் போடலாம் என்பார். எனக்கு அதில் உடன்பாடில்லை. கதவுக்குப் பின்னால் ஒரு கல்லில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், காய்ந்த பிறகு பார்த்துவிட்டு மேலே பேசலாம். மெழுகு பூசிப் பளபளக்க வைத்தால் ஒத்துக்கொள்ள வேண்டாம். பூட்டிய வீட்டில் அது மஞ்சளடிக்கும், தூசியும் அப்பும். கல்லுக்குள் கறை இறங்காமல் தடுக்கும் சீலர் அடித்தால் எண்ணெய்க்கறைக்கு நல்லதுதான், ஆனால் எலுமிச்சை அரிப்பதை அது தடுக்காது.

அப்புறம் சித்தப்பா, அடுத்த படத்தை நேர்மேலே இருந்து எடுக்கச் சொல்லாதீர்கள். தரையோடு தரையாக உட்கார்ந்து, ஜன்னல் வெளிச்சம் எதிரே இருக்கும்படி சாய்வாக எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பவுடரா மிஷினா என்று பார்த்துச் சொல்கிறேன்.