செவிலியர் கோரிக்கை வைத்தால் அது அரசியலா? உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

பாலக்கோடு சிஸ்டர்
2017 நவம்பர், சென்னை டிஎம்எஸ் (மருத்துவப் பணிகள் இயக்ககம்) வளாகம். 2015இல் எம்ஆர்பி, அதாவது மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், எடுத்த பேட்ச் நாங்கள். மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம், இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்று சொல்லி எடுத்த கதை எல்லாருக்கும் தெரியும். தருமபுரியிலிருந்து ராத்திரி பஸ் பிடித்துப் போராட்டத்துக்குப் போனோம். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். மதியத்துக்குள் பால் கட்டிக்கொண்டு ஜாக்கெட் நனைந்துவிட்டது. துண்டைப் போட்டு மறைத்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு மைக் அவள் முகத்துக்கு நேரே வந்தது. “உங்களை எந்தக் கட்சி தூண்டிவிட்டது?” அவளுக்குப் பேச்சே வரவில்லை. “ஏழாயிரத்து எழுநூறு சார்” என்று மட்டும் சொன்னாள். இன்னும் அந்தக் கேள்வியை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

அரூர்க்காரன்
சம்பளம் குறைவு என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை சிஸ்டர். ஆனால் அந்த வாரம் எங்கள் அம்மா ஒரு வார்டில் கிடந்தார். டிரிப்ஸ் தீர்ந்து, டியூபில் ரத்தம் மேலே ஏற ஆரம்பித்துவிட்டது. வராந்தா முழுக்க ஓடினேன். கடைசியில் பயிற்சிக்கு வந்த ஒரு பெண்தான் வந்து கழற்றினாள், அவளுக்கே கை நடுங்கியது. உங்கள் போராட்டத்தில் அடிபடுவது எங்களைப் போன்றவர்கள்தான்.

அஞ்செட்டி பக்கம், விஎச்என் (கிராம சுகாதார செவிலியர்)
அண்ணா, மற்ற நாளில் ராத்திரி டியூட்டிக்கு எத்தனை பேர் இருந்தார்கள் என்று பார்த்தீர்களா? நாங்கள் கேட்பதில் பாதி அதுதான்.

என் கதை சின்னது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. பிரஷர் மாத்திரை வீடு தேடிப் போகிறது, சந்தோஷம். ஆனால் எங்கள் துணை சுகாதார நிலையத்துக்குத் தண்ணீர் லைன் இல்லை. கிராம சபையில் எழுந்து கேட்டேன். “அரசியல் பேசாம மாத்திரை குடுக்கற வேலையப் பாரும்மா” என்றார் ஒருவர். பின்னாலிருந்து ஒரு பாட்டி எழுந்தார். “வண்டி வர்றதுக்குள்ள என் மருமவளுக்கு அங்கயே பொறந்துடுச்சு. குடத்துல தண்ணி சொமந்தவ நான். சிஸ்டர் கேக்கக் கூடாதுன்னா நான் கேக்கறேன், எழுதுங்க.” தீர்மானத்தில் எழுதினார்கள்.

கிருஷ்ணகிரி, ஓய்வு பெற்றவள்
பிள்ளைகளா, கோபம் நியாயம். ஆனால் வழி தெரிந்து நடங்கள். அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973 கட்சியில் சேருவதையும் தேர்தல் பிரச்சாரத்தையும் தடுக்கிறது, வேலைநிறுத்தத்துக்கும் இடமில்லை. சங்கத்தின் மூலம் மனு கொடுக்கலாம். தனி ஆளாகக் கையெழுத்துப் போடாதீர்கள், லெட்டர் பேடில் கொடுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் ரசீது வாங்காமல் நகராதீர்கள். எம்எல்ஏவைப் பார்ப்பதென்றால் சட்டசபையில் சுகாதார மானியக் கோரிக்கை (துறைக்கான நிதி ஒதுக்கீட்டு விவாதம்) வருவதற்கு முன்னாலேயே பாருங்கள், முடிந்த பிறகு போய்ப் பிரயோஜனமில்லை.

தனியாரில் வேலை செய்யும் ஓசூர்ப் பிள்ளைகளுக்கு இந்த நடத்தை விதிகள் கிடையாது. 2016இல் உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த குழு, 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனையில் அரசுச் சம்பளத்துக்குச் சமமாகவும், 50க்குக் கீழே என்றாலும் குறைந்தது 20,000 ரூபாயும் கொடுக்கச் சொன்னது. அதைப் பிரிண்ட் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

‘ஆள் போதவில்லை’ என்று மட்டும் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள், டியூட்டி ரோஸ்டரைச் சேர்த்துக் கொடுங்கள். ஒருமுறை நாங்கள் கொடுத்ததை ஒரு எம்எல்ஏ கண்ணாடி போட்டுக்கொண்டு விரல் வைத்துப் படித்தார். ஒரே பெயர் மூன்று வார்டுக்கு நேராக இருந்த இடத்தில் விரல் நின்றுவிட்டது. “இதை வெச்சிட்டுப் போங்க” என்றார்.

பாலக்கோடு சிஸ்டர்
நன்றி அக்கா. அரூர் அண்ணா, அவசரப் பிரிவுக்கும் பிரசவ வார்டுக்கும் ஆள் போட்டுவிட்டுத்தான் நாங்கள் கிளம்பினோம். உங்கள் அம்மா வார்டில் யாரும் இல்லை என்றால் அதற்கு நான் சமாதானம் சொல்ல மாட்டேன். உயர் நீதிமன்றம் சொன்னதும் டியூட்டிக்குத் திரும்பிவிட்டோம். அம்மா இப்போது எப்படி இருக்கிறார்?