நாலு மணிக்கு வைத்தால் போதுமாம்!

செங்கதிர்:
இந்த இணைய மன்றத்தில் பக்கத்துத் திரியில் (உரையாடல் தொடரில்) 'நிதானம்' என்ற நண்பர் கல்யாணம் செய்யப்போகிறவர்களுக்கு அறிவுரை வழங்கியிருக்கிறார். அப்படியே எடுத்துப் போடுகிறேன்: "இலையுதிர்காலத்தில் திறந்தவெளிக் கல்யாணம் என்றால் மாலை நாலு மணிக்கு வையுங்கள். படமெல்லாம் தங்கமாக வரும். புதுக் குடித்தனத்துக்கும் இதைவிட நல்ல பருவம் கிடையாது." கீழே ஆளாளுக்கு "அருமை, அருமை" என்று வரிசை கட்டி நிற்கிறார்கள்.

நாலு மணி. எந்தத் தேதியின் நாலு மணி? செப்டம்பர் 22, 23 வாக்கில் பகலும் இரவும் ஏறக்குறைய சமம். அதற்கப்புறம் 45 டிகிரி அட்சரேகையை ஒட்டிய ஊர்களில் பகல் நாளொன்றுக்கு 3 நிமிடம் போலச் சுருங்கிக்கொண்டே போகும். சூரியன் மறையும் நேரத்தை மட்டும் பார்த்தால் தினமும் 2 நிமிடம் முன்னால் வரும். ஒரு மாதத்தில் சாயங்காலப் பக்கம் மட்டும் ஒரு மணி நேர வெளிச்சம் காலி. ஆனால் இடம் பார்க்க யாராவது அக்டோபரில் போகிறார்களா? ஜூலை மாதம் சாயங்காலம் ஏழு மணிக்குப் போய் நின்று, "ஆகா, என்ன வெளிச்சம்!" என்று முன்பணம் கட்டிவிட்டு வருகிறார்கள்.

அழைப்பிதழில் நாலு என்று போட்டால் நாலரைக்குத்தான் தொடங்கும். நிகழ்ச்சி முக்கால் மணி நேரம். பிறகு கட்டிப்பிடித்து வாழ்த்துகிற கூட்டம். அப்புறம்தான் குடும்பப் படம். ஒரு குழுவை நிற்கவைத்து, கண் மூடியவரைத் திறக்கவைத்து, காணாமல்போன சித்தப்பாவைத் தேடிக்கொண்டுவர 3, 4 நிமிடம் ஆகும். பத்துக் குழு இருந்தால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

தெரிந்தவர் வீட்டுக் கல்யாண ஆல்பம் ஒன்றைப் பார்த்தேன். சிவந்த இலைக்காகவே அந்த இடத்தைப் பிடித்தார்களாம். படத்தில் பின்னால் முழுக்கக் கறுப்பு. மணப்பெண் முகத்தில் யாரோ கைப்பேசி டார்ச்சைப் பிடித்திருக்கிறார், தாடைக்குக் கீழிருந்து. மாப்பிள்ளையின் வலது காது மட்டும் பளீரென்று இருக்கிறது. அதுவும் நாலு மணிக் கல்யாணம்தான்.

நிதானம்:
வந்துவிட்டார் வானிலை மையம். ஐயா, நான் எழுதியது மூன்று வரிக் குறிப்பு, பஞ்சாங்கம் இல்லை. எங்கள் கல்யாணமே நாலு மணிக்குத்தான். படங்கள் இன்றைக்கும் வரவேற்பறைச் சுவரில் தொங்குகின்றன. பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள், எந்த நேரத்தில் எடுத்தது என்று. நாலு மணி என்றுதான் சொல்கிறேன்.

செங்கதிர்:
தேதி?

நிதானம்:
செப்டம்பர் கடைசி வாரம்.

செங்கதிர்:
அப்படிச் சொல்லுங்கள். உங்கள் மூன்று வரியில் 'செப்டம்பர்' எங்கே இருக்கிறது? "இலையுதிர்காலத்தில்" என்று மொத்தமாக எழுதினீர்கள். நவம்பர் முதல் வாரமும் இலையுதிர்காலம்தானே? ஐரோப்பாவில் அக்டோபர் கடைசி ஞாயிறும், அமெரிக்காவின் பெரும்பகுதியில் நவம்பர் முதல் ஞாயிறும் கோடைக்காக முன்னால் தள்ளிவைத்த கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைப்பார்கள். 50 டிகிரிக்கு மேல் வடக்கே போனால் அதற்கப்புறம் பல ஊர்களில் நாலரையை ஒட்டியே சூரியன் போய்விடும். உங்கள் நாலு மணியை நம்பியவர் இருட்டில்தான் மோதிரம் தேட வேண்டும்.

தென்கோடி:
நடுவில் ஒரு வார்த்தை. பூமத்தியரேகைக்குக் கீழே இருக்கும் எங்களுக்கு இலையுதிர்காலம் மார்ச் முதல் மே வரை. நீங்கள் இருவரும் செப்டம்பர், அக்டோபர் என்றே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். முதலில் எந்த இலையுதிர்காலம், எந்த அட்சரேகை என்று முடிவு செய்துகொண்டு பேசலாமே?

செங்கதிர்:
மார்ச்சோ செப்டம்பரோ, நாலு மணி தப்பு. அதுதான் பேச்சு.

தோட்டக்காரன்:
இலை விஷயத்தில் எல்லாருமே கோட்டை விடுகிறீர்கள். மஞ்சள் நிறம் இலைக்குள் ஏற்கெனவே இருப்பது. பச்சையம் சிதையும்போது வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். சிவப்பு அப்படியில்லை. அதற்கான நிறமியை பெரும்பாலான மரங்கள் அந்தச் சமயத்தில்தான் புதிதாக உண்டாக்குகின்றன. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் சேர்ந்தால் சிவப்பு தூக்கும். ஒரு பலத்த காற்று மழை வந்தால் ஒரே ராத்திரியில் எல்லாம் தரையில். போன வருடப் படத்தைப் பார்த்து இந்த வருடத் தேதியைக் குறிக்கிறவர்களை என்ன சொல்வது? பூவும் அப்படித்தான். டேலியாவை நம்பி அலங்காரம் சொல்லிவைப்பார்கள், முதல் உறைபனியில் செடியே கருகிவிடும். செவ்வந்தி ஓரளவு தாங்கும்.

நிதானம்:
பார்த்தீர்களா செங்கதிர், இதுதான் உபயோகமான பதிவு. தெரிந்ததைச் சொன்னார், போனார். யாரையும் குத்தவில்லை.

செங்கதிர்:
தோட்டக்காரன் சொன்னது சரி. ஆனால் எவ்வளவு சிவந்த இலையாக இருந்தாலும் வெளிச்சம் இருந்தால்தானே தெரியும்? சுற்றிச் சுற்றி நாலு மணிக்கே வருகிறோம், கவனியுங்கள்.

நிதானம்:
நாம் வரவில்லை. நீங்கள் இழுத்துக்கொண்டு வருகிறீர்கள். சூரியன் மறைந்த அடுத்த நொடி விளக்கை அணைத்த மாதிரி இருட்டிவிடாது. நீங்கள் சொல்லும் அதே 45 டிகிரியில் அரை மணி நேரம் அந்தி வெளிச்சம் இருக்கும். அதையும் கணக்கில் சேருங்கள், கணக்குப்புலி.

செங்கதிர்:
அந்தி வெளிச்சம் நீலம். நீங்கள் வாக்குக் கொடுத்தது தங்கம். மேற்கே ஒரு குன்றோ உயரமான மரவரிசையோ இருந்தால், கைப்பேசிச் செயலியில் போட்டிருக்கும் நேரத்துக்கு அரை மணி முன்னாலேயே வெயில் இடத்தை விட்டுப் போய்விடும். அதற்குத்தான் சொல்கிறேன்: சூரியன் மறையும் நேரத்தை அந்தத் தேதிக்குப் பார்த்து, அதிலிருந்து இரண்டு, இரண்டரை மணி நேரம் பின்னோக்கி வந்து தொடக்க நேரம் குறிக்க வேண்டும். முந்தைய வருடம் அதே வாரத்தில் அந்த இடத்தில் எடுத்த படத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். இது தெரியாமல் ஊருக்கு உபதேசம்.

வாசல்படி:
இவ்வளவு நேரமாக எந்த மணிக்கு என்பதிலேயே நிற்கிறீர்களே, அந்தப் பதிவின் கடைசி வரியை யாரும் தொடவில்லையே? "புதுக் குடித்தனத்துக்கு இதைவிட நல்ல பருவம் கிடையாது." யார் சொன்னது? கல்யாணக் களை இறங்குவதற்குள் குளிர்காலம் வந்து உட்காரும். வேலை முடிந்து இருவரும் வீட்டுக்கு வருவதே இருட்டில். வெளியே நடக்கப் போகலாம் என்றால் மழை. இருக்கிற அறைக்குள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். வசந்தத்தில் கட்டிக்கொண்டவர்கள் கோபம் வந்தால் காலாற நடந்துவிட்டாவது வருவார்கள். நாங்கள் நடைபாதையில் பிரிக்காமல் கிடந்த பரிசுப் பெட்டிகளைத் தாண்டிக் குளியலறைக்குத்தான் போக முடிந்தது.

இரட்டைப்போர்வை:
வாசல்படி அக்கா சொல்வது நூற்றுக்கு நூறு. எங்களுக்கு முதல் சண்டை ஹீட்டரில்தான். அவருக்கு 18 டிகிரி போதும், எனக்கு 22 வேண்டும். நான் ஏற்றுவேன், அவர் வாயே திறக்காமல் போய் இறக்குவார். கேட்டால் "தொடவே இல்லை" என்பார். மாட்டுகிற கொக்கிகளில் மூன்றில் அவருடைய கனத்த கோட்டுகள், மிச்சம் ஒன்றில் என்னுடையது எல்லாம், ஈரக் குடை உட்பட. கடைசியில் ஆளுக்கொரு போர்வை வாங்கிக்கொண்டோம். இப்போது நிம்மதி.

நிதானம்:
கல்யாணமான புதிதில் தனித்தனிப் போர்வையா? கேட்கவே என்னவோபோல் இருக்கிறது. குளிரில் ஒரே போர்வைக்குள் பழகினால்தான் ஒட்டுதல் வரும். அதனால்தான் நல்ல பருவம் என்றேன்.

இரட்டைப்போர்வை:
ஒட்டுதல் வருவது இருக்கட்டும், சார். ராத்திரி இரண்டு மணிக்கு மொத்தப் போர்வையும் அந்தப் பக்கம் போய்விட்டால் இந்தப் பக்கம் இருப்பவருக்குச் சளிதான் வரும். உங்கள் வீட்டில் போர்வையை யார் இழுப்பது? அவர்களை வந்து எழுதச் சொல்லுங்கள், கேட்போம்.

வாசல்படி:
அதானே! இழுக்கிறவருக்கு எந்தப் பருவமும் நல்ல பருவம்தான்.

நிதானம்:
என் வீட்டுக்குள் எல்லாம் நுழைய வேண்டாம்.

கணக்கதிகாரம்:
தூங்கும் அறைக்கு 16 முதல் 19 டிகிரி வரை நல்லது என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆகவே 18 கேட்ட கணவர் கட்சிதான் சரி. 22 என்பது வரவேற்பறைக்கு வேண்டுமானால் ஒத்துக்கொள்ளலாம்.

இரட்டைப்போர்வை:
உங்களை யார் கட்சி சேரச் சொன்னது? பாதம் ஐஸாக இருப்பது எனக்கு.

செங்கதிர்:
திரி போர்வைக்குள் போய்விட்டது. நிதானம் அவர்களுக்கு அது வசதி. எதற்கு இவ்வளவு பிடிவாதமாகக் கேட்கிறேன் என்றால், போன வருடம் விருந்தினர் பட்டியல் பற்றிய திரியிலும் இதே கதைதான். "வருவேன் என்று சொல்கிறவர்கள் எல்லாரும் வந்துவிடுவார்கள், கவலை வேண்டாம்" என்று இவர் எழுதினார். நான் மறுத்ததற்கு "கணக்குப் பார்த்தே கல்யாணத்தைக் கெடுக்கிறவர்" என்று பட்டம் கொடுத்தார். மறக்கவில்லை. அப்போதும் ஒரு வரிக் குறிப்பு, இப்போதும் ஒரு வரிக் குறிப்பு. நம்பிச் செய்கிறவர் பாடு யாருக்குத் தெரியும்?

நிதானம்:
ஓ, அந்தக் கணக்கைத் தீர்க்கத்தான் இந்தத் திரியா? நேரடியாகச் சொல்லியிருக்கலாமே. நான் சொன்னது என் அனுபவம். எங்கள் வீட்டில் நாலு மணி சரியாக இருந்தது. இன்றைக்கும் நாலு மணி என்றுதான் சொல்வேன்.

செங்கதிர்:
பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

நிதானம்:
முயலைப் பிடித்தது யார் என்று படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

தென்கோடி:
சில நாடுகளில் கடிகாரத்தை மாற்றுவதே கிடையாது. எங்களில் மாற்றுகிறவர்களும் ஏப்ரல் முதல் ஞாயிறுதான் பின்னால் தள்ளுவோம். அட்சரேகையைச் சொல்லிவிட்டுப் பேசுங்கள் என்றேன், யாரும் காதில் வாங்கவில்லை.

செங்கதிர்:
வாங்கினோம் தென்கோடி. இடம், தேதி, கடிகாரம் மூன்றும் ஊருக்கு ஊர் மாறும். எனவே மொட்டையாக நாலு மணி என்பது தப்பு. நீங்களும் என் பக்கம்தான்.

தென்கோடி:
நான் யார் பக்கமும் இல்லை.

புதுக்கொலுசு:
வணக்கம். நான்தான் அந்தத் திரியில் முதலில் கேள்வி கேட்டவள். அக்டோபர் இரண்டாவது சனிக்கிழமை, இடம் பிடித்தாயிற்று, பூமத்தியரேகைக்கு வடக்குப் பக்கம்தான். எத்தனை மணிக்கு வைப்பது என்று மட்டும் தெரிந்தால் அழைப்பிதழ் அச்சுக்குப் போய்விடும். அச்சகத்தில் அவசரப்படுத்துகிறார்கள்.

நிதானம்:
வாழ்த்துகள் அம்மா. தயங்காமல் நாலு மணி என்று போடுங்கள்.

செங்கதிர்:
போட்டுவிடாதீர்கள்! இடத்துக்கு மேற்கே என்ன இருக்கிறது? மரமா, கட்டடமா? மணமகளும் மணமகனும் எந்தத் திசை பார்த்து நிற்பீர்கள்? மேற்கே பார்த்து நின்றால் கண் கூசும், கிழக்கே பார்த்தால் விருந்தினருக்குக் கூசும். குடும்பப் படத்தை நிகழ்ச்சிக்கு முன்னாலேயே எடுத்துவிடுகிற எண்ணம் உண்டா? கூடாரத்துக்குள் சூடேற்றும் ஏற்பாடு, பாதையில் விளக்கு, இது இரண்டும் வாடகையில் சேர்ந்ததா என்று கேட்டீர்களா? இதெல்லாம் தெரியாமல் மணி சொல்ல முடியாது.

வாசல்படி:
தங்கையே, மணி எதுவானாலும் வைத்துக்கொள். பரிசுப் பெட்டிகளை வைக்க ஓர் இடம் முதலில் பார்த்துவிடு. நன்றி சொல்ல வேண்டியவர்கள் பெயரைப் பெட்டி பிரிக்கும்போதே எழுதிவை. இல்லையென்றால் யார் எதைக் கொடுத்தார்கள் என்று இரண்டு பேரும் மாறிமாறிக் குற்றம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

தோட்டக்காரன்:
பூ டேலியாவா?

புதுக்கொலுசு:
டேலியாதான்... கேள்வி கேட்டதற்குத் தலை சுற்றுகிறது. வீட்டில் பேசிப் பார்த்தோம். வம்பே வேண்டாம் என்று நடுப்பகல் பன்னிரண்டு மணிக்கு வைத்துவிடலாம் என்கிறார்கள். எல்லாருக்கும் நன்றி.

செங்கதிர்:
பன்னிரண்டா? உச்சிவெயிலில் கண்ணுக்குக் கீழே நிழல் விழுமே! படம் பிடிக்கிறவரைக் கேட்டீர்களா?

நிதானம்:
அக்டோபர் நடுவில் எந்த உச்சிவெயில்? உங்கள் 45 டிகிரியிலேயே நடுப்பகல் சூரியன் 37 டிகிரி உயரத்துக்கு மேல் ஏறாது. கணக்கு எங்களுக்கும் தெரியும். ஆக, நாலும் ஆகாது, பன்னிரண்டும் ஆகாது. எப்போதுதான் ஐயா கல்யாணம் செய்வது?

செங்கதிர்:
பன்னிரண்டு மணிக்கு 37 டிகிரி என்பது, பன்னிரண்டு மணியும் உண்மையான நடுப்பகலும் ஒன்றாக இருந்தால். கடிகாரத்தை முன்னால் தள்ளிவைத்திருக்கும் மாதத்தில் உண்மையான நடுப்பகல் ஒரு மணியைத் தொட்டுத்தான் வரும். அதுகூடத் தெரியாமல்தான் நாலு மணி சொன்னீர்களா?

இரட்டைப்போர்வை:
கணக்கதிகாரம் ஐயா, 18 டிகிரி பற்றி நீங்கள் எழுதியதை என் கணவர் அச்செடுத்து ஹீட்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார். திருப்திதானே?

மட்டுறுத்துநர்:
தனிநபர் தாக்குதல் குறித்து இரண்டு புகார்கள் வந்திருக்கின்றன. ஹீட்டர், போர்வை பற்றிய பதிவுகள் குடித்தனம் பகுதிக்கு மாற்றப்படுகின்றன. இங்கே தலைப்பை ஒட்டி மட்டும் எழுதவும்.

செங்கதிர்:
தலைப்பே நாலு மணிதான். நான் ஒருவன்தான் அதை ஒட்டி எழுதிக்கொண்டிருக்கிறேன்.