நூல் கட்டிக் கணக்குப் போட்ட கதை

நீண்ட உலை, உள்ளே குழாய்கள், சுற்றிலும் சுவர். ஒரு பரப்பிலிருந்து கிளம்பும் கதிர்வீச்சில் எத்தனை பங்கு இன்னொன்றில் போய் விழுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். வியூ ஃபேக்டர்தான். பரப்புகளைத் துண்டு துண்டாக நறுக்கி, கோசைன், தூரத்தின் வர்க்கம் எல்லாம் போட்டு, கணினியை ஓடவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் ஒரு சுவரின் கூட்டுத்தொகை 1.17! மூடிய அறைக்குள் அது 1 ஆகத்தான் இருக்க வேண்டும். கிளம்பியதைவிட அதிகமாகப் போய்ச் சேருகிறதாம். இரண்டு சுவர்கள் ஒட்டும் மூலையில் தூரம் பூஜ்யத்தை நெருங்க, எண் எகிறிவிட்டது. துண்டுகளைப் பொடியாக்கினேன்; நேரம்தான் கூடியது, மூலை அடங்கவில்லை.

சீனியர் ஒருவர் பார்த்தார். ஒன்றும் பேசாமல் அட்டையில் இரண்டு பரப்புகளைக் கோடுகளாக வரைந்து, அவற்றின் நாலு முனைகளிலும் குண்டூசி குத்தி நூல் கட்டினார். ஹாட்டெல் என்பவரின் முறையாம் (தங்குகிற ஹோட்டல் இல்லை). குறுக்கு நூல்களின் நீளத்தைக் கூட்டு, நேர் நூல்களின் நீளத்தைக் கழி, பரப்பின் அகலத்தைப் போல் இரண்டு மடங்கால் வகு. அகலமும் இடைவெளியும் 1 என்றால் (2.828 − 2) / 2 = 0.414. தொகையீடே கிடையாது! குழாய் குறுக்கே வந்தால் நூல் அதன்மேல் வளைந்து இறுகும். இடப்பக்கச் சந்துக்கு ஒரு தடவை, வலப்பக்கத்துக்கு ஒரு தடவை போட வேண்டும். இறுகிய நூல் என்றால் நிரலில் கான்வெக்ஸ் ஹல், அதாவது புள்ளிகளை வெளியே சுற்றி இழுத்துக் கட்டிய எல்லைக்கோடு. ராத்திரி முழுக்க ஓடியது கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்தது.

மறுமொழி:
நூல் வித்தை நீளவாக்கில் மாறாத வடிவத்துக்கு மட்டும்தான். நான் பெட்டி வடிவத்தில் போட்டுப் பார்த்து அசடு வழிந்திருக்கிறேன். முப்பரிமாணத்தில் ஸ்டோக்ஸ் தேற்றத்தால் பரப்புத் தொகையீட்டை விளிம்புத் தொகையீடாக்கிவிடலாம். சரிபார்க்கக் கனசதுரம் வசதி: எதிர்முகத்துக்கு 0.1998, பக்கமுகத்துக்கு 0.2000. இது வராவிட்டால் மேலே போகாதீர்கள்.

மறுமொழி:
என் பாடு வேறு. 2000 பரப்புகள், ஏறக்குறைய 20 லட்சம் ஜோடிகள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஏதாவது மறைக்கிறதா என்று பார்த்தால் விடிந்துவிடும். முதுகு காட்டி நிற்கும் ஜோடிகளை முதலிலேயே தள்ளிவிட்டேன். மிச்சத்துக்குப் பரப்புகளைப் பெட்டிக்குள் பெட்டியாக அடுக்கிய மரம்; பார்வைக்கோடு படாத பெட்டியை அப்படியே விட்டுவிடலாம். அப்புறம் பார்த்தால் ஒரு சுவர் மட்டும் சூடே ஏறவில்லை. அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சொல்லும் செங்குத்து வெக்டரை வெளிப்பக்கம் பார்க்க வைத்திருக்கிறேன். அதையும் சேர்த்துத்தான் தள்ளியிருக்கிறது நிரல்.