பண்ணைக்கீரை, தொய்யக்கீரை எல்லாம் தினச் சமையலில் சேர்ப்பது எப்படி?

மேட்டுக்காடு:
மழை பெய்ததும் சோளக்காட்டில் தானாக முளைக்கும் பண்ணை, தொய்யல், குப்பைக்கீரை எல்லாம் கலந்து மடி நிறையப் பறித்து வருவார் எங்கள் அம்மிச்சி (அம்மாவின் அம்மா). இப்போது ஈரோட்டில் இருக்கிறோம், கடையில் அரைக்கீரை, சிறுகீரை, பாலக் தாண்டி ஒன்றும் கிடைப்பதில்லை. ஊருக்குப் போகும்போது பறித்து வரலாம், ஆனால் பிள்ளைகள் தொடவே மாட்டேன் என்கிறார்கள். வாரம் இரண்டு நாளாவது தட்டில் வர என்ன வழி?

கடைசல்பிரியை:
பண்ணைக்கீரையைப் பூக்கும் முன் கொழுந்தாகக் கிள்ளுங்கள், கதிர் விட்டுவிட்டால் தண்டு நாராகிவிடும். முதலில் தனியாகச் சமைக்க வேண்டாம். பிள்ளைகளுக்குப் பழகிய சிறுகீரையில் ஒரு பிடி சேர்த்து, பாசிப்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், பச்சைமிளகாய் போட்டு வேகவைத்து மண்சட்டியில் மத்தால் கடைந்து சூடான சோற்றில் நெய்யோடு பிசைந்து கொடுங்கள், அப்புறம் மெல்ல அளவைக் கூட்டலாம். முடக்கத்தான் என்றால் தோசைக்கு அரிசி ஆட்டும்போதே இலையைச் சேர்த்து ஆட்டிவிடுங்கள், மாவு புளித்ததும் கசப்பு அவ்வளவாகத் தெரியாது.

கரிசல்மண்:
எங்கள் விருதுநகர்ப் பக்கம் அதலைக்காய், பாகற்காய் போலக் கசக்கும் சின்னக் காய். யாரும் விதைப்பதில்லை, கிழங்கு மண்ணுக்குள்ளேயே கிடந்து மழைக்குக் கொடி விடும். வாங்கினால் அன்றைக்கே சமைத்துவிட வேண்டும், வைத்திருந்தால் வெடித்துவிடும். காம்பையும் நுனியையும் கிள்ளிவிட்டு, வெட்டாமல் முழுசாக நல்லெண்ணெயில் வெங்காயத்தோடு சுருள வதக்கிக் கொஞ்சம் புளித்தண்ணீர் விடுங்கள், கசப்பே ருசியாக இருக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். சர்க்கரைக்கு நல்லது, மூட்டுவலிக்கு நல்லது என்று சொல்லிச் சொல்லியே இதையெல்லாம் மருந்தாக்கிவிட்டோம். மருந்தை யார் ஆசையாகச் சாப்பிடுவார்கள்? பிள்ளைகளிடம் சத்து பற்றிப் பேசாமல் குழம்பாக, பொரியலாக வையுங்கள்.

வரப்போரம்:
களைக்கொல்லி அடித்த காட்டிலும் சாக்கடை ஓரத்திலும் பறிக்கவே பறிக்காதீர்கள். அடையாளம் தெரியாத இலை என்றால் ஊரில் களை எடுக்கும் பெண்களிடம் காட்டிக் கேளுங்கள், அவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இல்லை. பருப்புக்கீரையில் ஆக்சலேட் (கல் உருவாகக் காரணமாகும் ஒரு உப்பு) அதிகம், வீட்டில் சிறுநீரகக் கல் உள்ளவர்கள் இருந்தால் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மேட்டுக்காடு:
ரொம்ப நன்றி. மொட்டைமாடித் தொட்டியில் பண்ணைக்கீரை வருமா?

கடைசல்பிரியை:
தாராளமாக வரும். காய்ந்த கதிரைக் கசக்கினால் பளபளவென்று கறுப்பு விதை உதிரும், மணலோடு கலந்து மேலாகத் தூவுங்கள். ஒரு செடியை மட்டும் கிள்ளாமல் முற்ற விடுங்கள், அடுத்த விதைப்புக்கு ஆகும்.